பூங்காவில் யாருக்குப் பாதுகாப்பு? பொது இடமும் சாதியும் சட்டமும்

பொதுப் பூங்காக்களின் பாதுகாப்புக் குறித்து மாநகராட்சிக்கும் காவல் நிலையத்திற்கும் அளிக்கப்படும் மனுக்களுக்கு ஏறக்குறைய ஒரே அமைப்பு உண்டு. விளக்குகள் எரிவதில்லை, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, இருட்டிய பின் மது அருந்துகிறார்கள், பெண்கள் தனியே நடக்க அஞ்சுகிறார்கள். இது முதல் பத்தி. இரண்டாம் பத்தியில் மொழி மாறுகிறது. 'வெளியாட்கள்' நடமாட்டம் மிகுந்துவிட்டது. 'சமூக விரோதிகள்' கூடுகிறார்கள். காதலர்கள் என்ற பெயரில் அநாகரிகம் நடக்கிறது. ஆகவே வாயிலில் காவலாளி, அடையாள அட்டை, கேமரா, நேரக் கட்டுப்பாடு ஆகியன வேண்டும். இரண்டு பத்திகளுக்கும் கீழே ஒரே கையொப்பங்கள். முதல் பத்தியை நிறைவேற்றப் பணம் வேண்டும், ஆள் வேண்டும், தொடர்ந்த பராமரிப்பு வேண்டும். இரண்டாம் பத்திக்கு ஒரு பூட்டும் ஓர் அறிவிப்புப் பலகையும் போதும். மனுவைப் பெறும் அதிகாரி எதை முதலில் செய்வார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்விரண்டு பத்திகளையும் சட்டத்தின் துணையோடு பிரித்துப் பார்ப்பதே இங்கு நம் நோக்கம். பூங்காவுக்கு வருவோரைக் காக்கும் நடவடிக்கை ஒருவகை. பூங்காவுக்கு யார் வரலாம் எனத் தேர்ந்தெடுக்கும் நடவடிக்கை வேறுவகை. முன்னது உள்ளாட்சியின் கடமை. பின்னது, எந்தச் சாதியின் பெயரும் உச்சரிக்கப்படாமலேயே, தீண்டாமை பழகும் வழியாக மாறக்கூடியது. பாதுகாப்புக் கோரிக்கை முழுவதும் பாசாங்கு என்று நாம் கருதவில்லை. அந்த அச்சத்தின் மெய்யான பகுதியைப் பிறகு விரிவாகவே பேசுவோம். ஆனால் 'பாதுகாப்பு' என்ற சொல் வரும்போதெல்லாம், எவருக்கு, எதிலிருந்து என்ற இரு கேள்விகளைக் கேட்காமல் நகர்வதற்கில்லை.

தமிழ்நாட்டில் நாம் நாள்தோறும் காணும் ஒரு காட்சியை நினைவில் கொள்க. அம்பேத்கர் சிலைக்குக் கம்பிக் கூண்டு. சிலையைச் சேதப்படுத்துவோரைத் தடுக்க முடியாத அரசு, சிலையைச் சிறை வைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடுகிறது. பூங்காப் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்தக் கூண்டின் தர்க்கத்தையே பின்பற்றுகிறது.

நுழையும் உரிமை வந்த வழி

பொது இடத்தில் நுழையும் உரிமை இம்மண்ணில் தானாகக் கனிந்து விழுந்ததன்று. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924 ஆகஸ்ட் 22 அன்று இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடப்பதற்கும், பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை அடைவதற்கும் தடையில்லை என்பது அதன் சாரம். சாதி இந்துக்கள் எம்முறையில் எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்களோ அம்முறையில் அந்த அளவுக்கு என்பதே அதன் அளவுகோல். அதே ஆண்டு செப்டம்பர் 25 நாளிட்ட அரசாணையாக அது வெளியாயிற்று. பம்பாய் மாகாணத்தில் 1923இல் எஸ்.கே. போலே கொண்டுவந்த இதுபோன்ற தீர்மானம் ஏட்டிலேயே நின்றது. அதனால்தான் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு மகாட் நகரின் சவுதார் குளத்துக்கு நடக்க நேர்ந்தது. அந்தக் குளத்தைப் பற்றிய வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிவுக்கு வர 1937 ஆயிற்று. ஒரு குளத்து நீருக்குப் பத்தாண்டு.

அரசமைப்பின் 15(2) உறுப்பு இந்தப் போராட்டங்களின் வாரிசு. அதில் 'பூங்கா' என்ற சொல் இல்லை. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இந்த உறுப்பு விவாதிக்கப்பட்டபோது, பொதுப் பூங்கா, தோட்டம், அருங்காட்சியகம் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பட்டியலிடும் திருத்தத்தைப் பேராசிரியர் கே.டி. ஷா முன்மொழிந்தார். அது ஏற்கப்படவில்லை. ஆயினும் அரசு நிதியால் முழுமையாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட 'பொதுமக்கள் கூடும் இடங்கள்' என்ற விரிந்த தொடருக்குள் மாநகராட்சிப் பூங்கா ஐயத்துக்கு இடமின்றி அடங்குகிறது. மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 15(1) உறுப்பு அரசை நோக்கிப் பேசுகிறது. 15(2) அவ்வாறன்று, எந்தக் குடிமகனையும் எவரும் தடுக்கலாகாது என்கிறது. ஆகவே, 'நாங்கள் அரசு அல்லவே, குடியிருப்போர் நலச் சங்கம்தானே' என்ற வாதம் இங்கே எடுபடாது.

இந்த உறுப்புகளுக்குத் தண்டனைச் சட்டத்தின் பல்லைப் பொருத்தியவை இரண்டு. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் பொது இடங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. அதனுடன் 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். தண்டனை சிறிது என்பதால் இச்சட்டத்தை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஆனால் இதன் 12ஆம் பிரிவு மிக அரிய ஆயுதம். தடுக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராயின், அச்செயல் தீண்டாமையின் பேரிலேயே நிகழ்ந்தது என நீதிமன்றம் ஊகித்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என மெய்ப்பிக்கும் சுமை எதிரியினுடையது.

மற்றொன்று 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015இல் நிறைவேறி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 3(1)(இசட்ஏ) பிரிவு, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கல்வி நிலையம், மருத்துவமனை, கடை, பொதுப் பொழுதுபோக்கு இடம், 'வேறெந்தப் பொது இடம்' ஆகியவற்றுள் நுழையவிடாமல் எவ்வகையிலேனும் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத ஒருவர் அதைச் செய்திருக்க வேண்டும். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. 'எவ்வகையிலேனும்' என்ற சொல்லை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். கையைப் பிடித்துத் தள்ளினால்தான் தடுப்பு என்பதில்லை.

வெளியாள் என்பவர் யார்?

சட்டம் தெளிவு, சிக்கல் மெய்ப்பிப்பதில். எந்தப் பூங்காவின் பலகையும் சாதியைக் குறிப்பிடுவதில்லை. 'இந்நகர் குடியிருப்போருக்கு மட்டும்', 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்றே எழுதுகிறார்கள். இந்த 'வெளியாள்' எங்கிருந்து வருகிறார் என்பதை அறிய, பூங்காக்கள் எங்கே உண்டாகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும்.

தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடும் ஒருவர், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று வழங்கப்படுவது இதுவே. புறநகர்ப் பகுதிகளில் நாம் காணும் பூங்காக்கள் பலவும் இந்த நிலங்களில் எழுந்தவை. ஆக, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு எங்கே உண்டோ அங்கே பூங்கா உண்டு. சேரிகளும் ஆதிதிராவிடர் நத்தங்களும் குடிசைப் பகுதிகளும் மனைப்பிரிவு வரைபடத்தின் வழியே உருவானவை அல்ல. அங்கே பத்து விழுக்காடு ஒதுக்கப்படவில்லை. இரு வீடுகளுக்கிடையே ஒரு முழம் இடைவெளியே அரிது. தலித் குடியிருப்பின் பிள்ளை பந்து விளையாட விரும்பினால் பக்கத்து நகரின் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். போனதும் அவன் வெளியாள் ஆகிவிடுகிறான். பூங்கா இல்லாத இடத்தில் பிறந்ததே அவனுடைய குற்றம்.

சென்னை நகரின் கால்வாய் ஓரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காக 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் எழுந்த மறுகுடியேற்ற அடுக்ககங்களின் கதை இதனினும் கொடிது. அங்கே குடியேற்றப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். 'கண்ணகி நகர்' என்று முகவரி சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று இளைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அந்த முகவரியே ஐயத்துக்குரியதாக்கப்பட்ட பிறகு, பூங்கா வாயிலில் அடையாள அட்டை கேட்பது வெறும் நிர்வாக ஏற்பாடு என்று எவ்வாறு கொள்வது? அட்டையில் சாதி இல்லைதான். முகவரி இருக்கிறது. நம் ஊர்களில் தெருப் பெயர் கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கிராமத்தில் இது இன்னும் வெளிப்படை. 2016க்குப் பின் ஊராட்சிகளில் 'அம்மா பூங்கா' திட்டம் வந்தது. திட்டம் எதுவாயினும், ஊராட்சிப் பூங்காவைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அது ஊர்ப் பக்கம் அமைந்ததா, காலனிப் பக்கம் அமைந்ததா என்பதையே. ஊர்த் தெருவைக் கடந்துதான் பூங்காவை அடைய முடியும் என்றால், பூங்காவின் வாயில் அந்தத் தெருவின் முனையிலேயே இருக்கிறது. தடுப்பதற்கு அங்கே பலகையும் தேவையில்லை.

இனி, சங்கங்களின் உரிமைக்கு வருவோம். பூங்காவைத் தத்தெடுத்துப் பராமரிக்க மாநகராட்சி சில சங்கங்களையும் நிறுவனங்களையும் அனுமதிப்பதுண்டு. பராமரிக்கும் பொறுப்பு வேறு, உடைமை வேறு. தானப் பத்திரம் பதிவான கணத்திலிருந்து நிலம் உள்ளாட்சியினுடையது. பொதுமக்களுக்காக அது வைத்துக் காக்கிறது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு மாற்றித் தந்ததை உச்ச நீதிமன்றம் 1991இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா வழக்கில் செல்லாததாக்கியது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் அப்பகுதிவாசிகள். சிலருடைய நலனுக்காகப் பொது நிலத்தைத் திருப்பிவிட முடியாது என்பதே அத்தீர்ப்பின் அடிநாதம். மருத்துவமனைக்கே கொடுக்க முடியாத நிலத்தை, சந்தா கட்டிய நூறு குடும்பங்களின் தனித்தோட்டமாக்க முடியாது என்பது அதிலிருந்து நாம் பெறும் வாதம்.

அச்சத்தின் மெய்யான பகுதி

பெண்களின் அச்சம் மெய்யானது. அதைச் சாதி ஆதிக்கத்தின் சாக்கு என்று தள்ளிவிடுவது நமக்கு அழகன்று; சரியுமன்று. விளக்கில்லாத பூங்காவில் முதலில் துன்புறுபவர் யார் என்று பாருங்கள். விடியுமுன் குப்பை அள்ள வரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். கழிப்பறை கழுவும் பெண். வேலை முடிந்து பூங்காவின் குறுக்கே வீடு திரும்பும் வீட்டு வேலைத் தொழிலாளி. இவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். பாதுகாப்பு மனுவில் இவர்களுடைய கையொப்பம் இருப்பதில்லை. நடைப்பயிற்சி செய்வோரின் அச்சம் மனுவாகிறது. நடைபாதையைப் பெருக்குவோரின் அச்சம் எங்கும் பதிவாவதில்லை.

சட்டம் இங்கே நன்றாகவே பேசுகிறது. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா கேலிக் கும்பலின் வன்முறையில் உயிரிழந்ததை அடுத்து, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடைசெய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. கல்வி நிலையம், கோயில், பேருந்து நிறுத்தம், சாலை, திரையரங்கு ஆகியவற்றோடு பூங்காவையும் கடற்கரையையும் அது பெயர் சொல்லியே குறிக்கிறது. 2025இல் அதன் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் 2012 நவம்பர் 30 அன்று சமுத்திரம் வழக்கில், பூங்கா, கடற்கரை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் சீருடையற்ற பெண் காவலர்களை நிறுத்தவும், முக்கிய இடங்களில் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தவும் எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கு அது. பொது இடத்தில் ஒரு பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு காவலர் என்பதைப் பலர் நினைவில் வைப்பதில்லை. 'வெளியாள்' அன்று, சீருடைக்குரியவர்.

பூங்காவில் பணிபுரியும் பெண்களுக்கு 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனம் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம். இப்படியொரு குழு இருப்பதைப் பணியாளர்களுக்குச் சொல்வதே ஒரு பாதுகாப்பு நடவடிக்கை.

நம் கணிப்பில், பூங்காவைப் பாதுகாப்பது அங்கே நடமாடும் மனிதர்களின் எண்ணிக்கை. வெறிச்சோடிய பூங்காவில் ஒரு பெண் கூவினால் கேட்பாரில்லை. சுண்டல் விற்பவரும் பந்து விளையாடும் சிறுவர்களும் அரட்டை அடிக்கும் முதியோரும் இருக்கும் பூங்காவில் கேட்பார் உண்டு. ஆனால் 'பாதுகாப்பு' என்ற பெயரில் முதலில் வெளியேற்றப்படுபவர்கள் சுண்டல்காரரும் சிறுவர்களும்தாம். விளையாட்டைத் தடை செய்து, விற்பனையைத் தடை செய்து, நண்பகல் முழுதும் பூட்டி வைத்துவிட்டு, பிறகு இருட்டைப் பற்றி மனுப் போடுகிறோம்.

இருவர் சேர்ந்து அமர்ந்திருத்தல்

இப்பொருளின் மிகக் கூரிய முனை இதுவே. 2005 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் 'ஆபரேஷன் மஜ்னு' என்ற பெயரில் காவல் துறையினர் காந்தி பூங்காவுக்குள் நுழைந்து, அங்கே அமர்ந்திருந்த இளம் இணைகளைத் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னிலையில் அடித்து இழிவுபடுத்தினர். ஈவ்-டீசிங்கைத் தடுக்கவே இந்த நடவடிக்கை என்று காரணம் சொல்லப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பின் அதிகாரிகள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். 2017இல் அதே மாநிலம் 'ரோமியோ எதிர்ப்புப் படை'களை அமைத்தது. பெண்ணைக் காப்பதாகச் சொல்லித் தொடங்கும் ரோந்து, பெண் தானே தேர்ந்தெடுத்த துணையைத் தேடிப் பிடிப்பதில் முடிகிறது.

தமிழ்நாட்டில் இது அடியோடு நிற்பதில்லை. பூங்காவில் அமர்ந்திருக்கும் இருவரிடம் காவலர் பெயர், ஊர், கல்லூரி கேட்கிறார். பிறகு, 'வீட்டுக்குப் போன் போடட்டுமா?' என்கிறார். நகைச்சுவைத் துணுக்குகளில் இடம்பெறும் இந்த வாக்கியம், இருவரும் வேறு வேறு சாதியினராகவும் அவர்களில் ஒருவர் தலித்தாகவும் இருந்தால், கொலைக்கு வழி திறக்கும் தகவல் பரிமாற்றமாகிவிடும். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜைச் சாதி அமைப்பொன்றைச் சேர்ந்தவர்கள் அழைத்துச் சென்றனர். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. பொது இடத்தில் இருவர் சேர்ந்து காணப்பட்டார்கள் என்பது மட்டுமே அங்கே நிகழ்ந்தது. 2025 ஜூலையில் திருநெல்வேலியில் மென்பொறியாளர் கவின் கொல்லப்பட்ட வழக்கில் கைது செய்யப்பட்ட இளைஞரின் பெற்றோர் காவல் துறையில் பணியாற்றியவர்கள். காவலரிடம் போய்ச் சேரும் தகவல் வீட்டாரிடம் போய்ச் சேரும் தகவலாகவும் இருக்கக்கூடும் என்று தலித் இளைஞர்கள் அஞ்சுவதில் மிகை எதுவுமில்லை.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயது வந்த இருவர் பூங்காவில் சேர்ந்து அமர்வது குற்றமன்று. பழைய தண்டனைச் சட்டத்தின் 294ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவும் ஆபாசமான செயலும் பிறருக்கு அதனால் எரிச்சலும் இருந்தால்தான் பொருந்தும். பேசிக்கொண்டிருப்பதும் கைகோத்திருப்பதும் அதற்குள் வாரா. வயது வந்தவரின் பெற்றோரை அழைத்துச் சொல்லும் அதிகாரம் காவலருக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. 2017இன் புட்டசாமி தீர்ப்பு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றது. பொது இடத்துக்கு வந்துவிட்டதாலேயே ஒருவர் தம் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தும் அதில் உண்டு. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி மறுத்து இணைவோரைக் காக்கும் பொறுப்பைக் காவல் துறையின் மீது சுமத்தி, தடுப்பு, தீர்வு, தண்டனை என மூவகை நெறிமுறைகளை வகுத்தது. தவறும் அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே, பூங்காவில் ஓர் இணையைக் கண்ட காவலரின் சட்டக் கடமை அவர்களுடைய பெயர் வெளியே செல்லாமல் காப்பது. நடப்பில் இதற்கு நேர்மாறானதே நடக்கிறது.

கேமரா யாருடையது?

கேமராவை எதிர்ப்பது முற்போக்கு, ஆதரிப்பது பிற்போக்கு என்ற எளிய பிரிவினை நமக்கு உதவாது. கோகுல்ராஜ் வழக்கில் உடன் சென்ற பெண்ணே நீதிமன்றத்தில் பிறழ்சாட்சி ஆனார். வழக்கைத் தாங்கி நின்றவற்றுள் முதன்மையானது கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டின்போது உயர் நீதிமன்ற நீதிபதிகளே கோயிலுக்குச் சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டனர். 2023 ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தனர். அந்தப் பதிவு அழிந்திருந்தால் வழக்கு என்னவாகியிருக்கும்?

ஆகவே நாம் கேட்க வேண்டியது, பதிவு எவர் கையில், எத்தனை நாள், எவருடைய அனுமதியோடு என்பதே. மாநகராட்சியோ காவல் துறையோ வைத்திருக்கும் பதிவுக்குப் பொறுப்பேற்க ஓர் அதிகாரி உண்டு. சங்கத்தின் செயலாளர் வீட்டில் இருக்கும் பெட்டிக்கு அப்படி எவரும் இல்லை; அங்கிருந்து ஓர் இணையின் படம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போவதற்கு ஒரு நிமிடம் போதும். இதோடு முகமறி மென்பொருளும் சேர்கிறது. 2021இல் தமிழ்நாடு காவல் துறை அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய வழக்குகளின் படத் தொகுப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அதன் வேலை. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வரலாறு அறிந்தவர்கள், அத்தகைய தொகுப்பில் எந்தத் தெருக்களின் முகங்கள் மிகுந்திருக்கும் என்பதைக் கணினியின்றியே சொல்லிவிடுவார்கள்.

தடுக்கப்பட்டால் செய்ய வேண்டியவை

முதல் வேலை பதிவைக் காப்பது. பெரும்பாலான கேமராப் பெட்டிகள் சில வாரங்களில் பழைய காட்சியின் மேலேயே புதியதைப் பதியும். நிகழ்ந்த அன்றே, நாள், நேரம், வாயில் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இந்தப் பதிவை அழிக்கலாகாது என்று மாநகராட்சி ஆணையருக்கும் மண்டல அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்து மூலம் கடிதம் தர வேண்டும். ஒப்புதல் சீட்டு வாங்க வேண்டும். நீதிமன்றத்தில் அந்தப் பதிவு ஏற்கப்பட, முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்படியும் இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படியும் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். கைபேசியில் நாமே எடுத்த காணொளிக்கும் இது பொருந்தும். நகலை அனுப்பிவிட்டு மூலக் கைபேசியை விற்றுவிட்ட பிறகு வழக்கறிஞரிடம் வருவதில் பயனில்லை.

புகாரில் 'உள்ளே விடவில்லை' என்று மட்டும் எழுதுவது போதாது. அதே நேரத்தில் யார் தடையின்றி உள்ளே சென்றார்கள், எவரிடம் அட்டை கேட்கவில்லை, என்ன சொற்கள் சொல்லப்பட்டன என்பதை எழுத வேண்டும். சாதி பெயர் சொல்லப்படாத வழக்குகளில் இந்த ஒப்பீடே சாட்சியம். இழிசொல் பேசப்பட்டிருந்தால் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளும் சேரும். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்ததை 'பொதுமக்கள் பார்வையில்' நிகழ்ந்ததாகக் கொள்ளவில்லை. பூங்காவைப் பொறுத்தவரை அந்தத் தடை எழாது. எனினும் உறவினரும் நண்பரும் அல்லாத ஒருவர் சாட்சியாகக் கிடைத்தால் வழக்கு உறுதிப்படும். முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை வேண்டும் என்று நிலையத்தில் சொன்னால், 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவைக் காட்டுங்கள். அது தேவையில்லை என்று அப்பிரிவே சொல்கிறது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. புலனாய்வைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி செய்ய வேண்டும். கடமை தவறும் அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு காத்திருக்கிறது.

வழக்கு எல்லா இடத்திலும் ஏற்ற கருவியாகாது. காவலாளியாக நிற்பவரும் பெரும்பாலும் குறைந்த கூலிக்கு வந்த நம்மைப் போன்ற ஒருவரே; அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, உத்தரவிட்டவரை விட்டுவிடுவதில் நமக்கு விருப்பமில்லை. உத்தரவைத் தேடிப் போக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்த நிலத்தின் தானப் பத்திர நகல், பராமரிப்பு ஒப்பந்தம், நுழைவுக் கட்டுப்பாட்டுக்கான மன்றத் தீர்மானம், கேமராப் பதிவு குறித்த நடைமுறை ஆகியவற்றைக் கேளுங்கள். இல்லாத தீர்மானத்தின் பேரில் பலகை தொங்குகிறது என்றால், 'ஆவணம் இல்லை' என்ற பதிலே அந்தப் பலகையை இறக்கப் போதிய ஆவணம். நகர்ப்புறங்களில் இப்போது வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் சட்டப்படி அமைக்கப்பட வேண்டியவை. பாதுகாப்பு மனுக்கள் அங்கே வரும்போது, முதல் பத்தியை நாமே முன்மொழிவோம்: விளக்கு, கழிப்பறை, குடிநீர், பெண் காவலர், வேலைக்குப் போவோர் வந்து செல்லக்கூடிய நேரம். அதே சபையில், பூங்காவே இல்லாத நம் குடியிருப்புக்கு இடம் ஒதுக்கும் கோரிக்கையும் பதிவாக வேண்டும்.

தகவல் கோரும் மனுவுக்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. மனுவில் பூங்காவின் பெயரோடு சர்வே எண்ணையும் மனைப்பிரிவு அனுமதி எண்ணையும் குறிப்பிடுங்கள். பெயரை மட்டும் எழுதினால், அந்தப் பெயரில் பூங்கா எதுவும் எங்கள் பதிவேட்டில் இல்லை என்று பதில் வரக்கூடும்.